ஆயிரத்து நாற்பது அடி

திருச்செங்கோட்டு வண்டி வந்து
ஒரு பகலும் ஒரு ராத்திரியும் துளைத்தது.
இன்னும் ஒரு நூறு, இன்னும் ஒரு நூறு என்று
பூபாலன் கேட்டுக்கொண்டே இருந்தார்.
ஆயிரத்து நாற்பதில் நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.
ஏறி வந்ததெல்லாம் புகை.
விடியும்போது
ஜாகீர் அம்மாபாளையத்தில் எங்கள் வாசல் மட்டும்
நரைத்துக் கிடந்தது,
முழங்கால் உயரத்துக்குக் கல்மாவு.

அடிக்கு இவ்வளவு.
வறண்டதற்குத் தள்ளுபடி இல்லையாம்.

அந்தப் பில்லின் பின்பக்கத்தில்தான்
தோட்டத்தை வரைந்தேன்.

முதலில் அடித்தது புல்வெளியை.
நர்சரி மாதையன் கொடுத்த தாளில்
தினம் இரண்டு வேளை என்று இருந்தது.
எங்கள் குழாய்க்கோ எட்டு நாளுக்கு ஒரு வேளை.
கூட்டுறவு வங்கியில் கடன் பிரிவு எனக்கு.
வட்டி கட்ட வழியில்லாதவர் மனுவை
என்ன செய்வோமோ
அதையே புல்லுக்கும் செய்தேன்.

'இது வெள்ளைக்கல் மண்ணு மேடம்,
எது வெச்சாலும் மஞ்சளாயிரும்.'

வராததை எதற்கு அழைக்க வேண்டும்?
ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு
சுரங்கத்து மண்மேடு வரை போனேன்,
யாரும் ஊற்றாமல் அங்கே நிற்பது யார் என்று பார்க்க.
ஆவாரை நின்றது.
விராலி நின்றது, இலையில் பிசினோடு.
பெயர் தெரியாத ஒன்று
முள்ளால் என் துப்பட்டாவைப் பிடித்து வைத்துக்கொண்டது.
கைக்குட்டையில் விதை முடிந்து வந்தேன்.

மேற்குச் சுவர் அவர்களுக்கு.
கூடவே பிரண்டை,
சுடுகாட்டுப் பூவையா வாசலில் வைப்பாய் என்று
நாத்தனார் முகம் சுளித்த நித்யகல்யாணி.
குளித்த தண்ணீர் சாக்கடைக்குப் போவதை மறித்து
பின்பக்கம் ஒரே ஒரு பள்ளம்:
இரண்டு வாழை, கொஞ்சம் சேம்பு, கல்வாழை.
தாகமுள்ளவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்,
அதிகம் நடக்க வேண்டாம் எனக்கு.

கல்மாவை அள்ளிப்போக
டிராக்டர்காரர் எண்ணூறு கேட்டார்.
அள்ளவில்லை.
கேட்டிலிருந்து படி வரை பரப்பிவிட்டோம்.
ஆயிரம் அடிக்குக் கீழே இருந்ததை மிதித்துத்தான்
பால்காரர் வருகிறார்.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
சேர்வராயன் பக்கம் மின்னி மின்னி
கடைசியில் இங்கேயும் கொட்டியது.
மாடித் தண்ணீரைக் கரியிலும் மணலிலும் வடிகட்டி
அந்த வறண்ட குழிக்கே இறக்கியிருந்தோம்.
டார்ச்சோடு குனிந்து நின்றோம் இருவரும்.
விழுகிற சத்தம் கேட்டது,
போய்ச் சேர்ந்த சத்தம் கேட்கவில்லை.

'திருப்பித் தருமா?' என்றார் பூபாலன்.
கடன் பிரிவில் இருப்பவளைக் கேட்கிறார்.
வாராக்கடன்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.
குடை அவர் பக்கமே சாய்ந்திருந்தது,
என் தோள் முழுக்க நனைந்திருந்தது.

சித்திரை வந்து, அக்னியும் வந்து போயிற்று.
விராலி கொஞ்சம் சுருண்டது, சாகவில்லை.
ஆவாரை பூத்தது, என்னைக் கேட்காமல்.
ஹோஸ் பைப் மாட்ட
வீடு கட்டும்போதே அடித்த ஆணி ஒன்று உண்டு.
அதில் என் ஹெல்மெட் தொங்குகிறது.