எண்பத்தாறு

டொலிடோ நகரில் பிப்ரவரி.
நெடுஞ்சாலையோர உணவகத்தில்
"ஆதாமும் ஏவாளும், தெப்பத்து மேலே!"
என்று கூவுகிறாள் பெர்னடீன்.
வெந்நீரில் வெந்த இரண்டு முட்டை,
அடியில் ஒரு வாட்டிய ரொட்டி.
"தெப்பத்தை உடை" என்று சேர்த்துச் சொன்னால்
மஞ்சளும் வெள்ளையும் கலங்கிவிடும்.
ஏதேன் தோட்டம் அவ்வளவுதான்.

அடுப்படியில் கிளீட்டஸ்.
தலைக்கு மேல் கம்பியில்
ஆர்டர் சீட்டுகள் நெருக்கியடிக்க,
"களைக்குள்ள மாட்டிக்கிட்டேன்" என்கிறான்.
பிறந்தது நான்காவது மாடியில்.
ஒரு புல்லைப் பிடுங்கியதில்லை.

பத்து மணிக்கு செர்ரி பை தீர்ந்தது.
பலகையில் அதன் பெயரெழுதி
முன்னால் சாக்கட்டியால் கிறுக்குகிறான்: 86.
இல்லை, கிடையாது, கேட்காதே.

ஏன் எண்பத்தாறு?
எண்பத்தைந்துக்கு என்ன குறை?

நியூயார்க்கில் ஒரு மதுக்கடையின் கதவிலக்கம்
என்கிறார் ஓர்வில், ஓய்வுபெற்ற தபால்காரர்.
போலீஸ் வந்தால் அந்த வாசல் வழியே
ஆட்களை வெளியே தள்ளுவார்களாம்.
கதவிலக்கம் என்றால் அவர் எதையும் நம்புவார்.
எட்டு மைல் தள்ளி, ஆறடி ஆழத்தில்
என்கிறான் லாரிக்காரன், குழிதோண்டும் சாடையோடு.
கிளீட்டஸ் சொல்வது வேறு:
'நிக்ஸ்' என்றால் இல்லை,
அதற்கு ஓசை ஒத்துவர ஒரு 'சிக்ஸ்'.
இரண்டாம் எழுத்து ஒன்றுகிறது.
நம் கணக்கில் அசல் எதுகை.
நான் கிளீட்டஸ் கட்சி.
அகராதியோ
பிறப்பு உறுதியில்லை என்று கையை விரிக்கிறது.

பையின் பெயருக்குக் கீழே
போன வாரத்திலிருந்து இன்னொரு பெயர்:
86 வென்டெல்.
குடித்துவிட்டு வந்து
முக்காலியைக் கண்ணாடியில் வீசியவன்.
பைக்கும் ஆளுக்கும் ஒரே எண்.
பை நாளைக்கு வந்துவிடும்.

இப்போது அவன் வெளியே,
ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில்,
தோளில் பனி ஏற நிற்கிறான்.
உள்ளே மூவரும் இன்னும்
மூலத்தைத் தோண்டிக்கொண்டிருக்க
பெர்னடீன் "ஒண்ணு பிடி" என்கிறாள்.
கறுப்புக் காபி ஒன்று.
யாருக்கு என்று கிளீட்டஸ் கேட்கவில்லை.
காலால் கதவைத் தாங்கிக்கொண்டு
கோப்பையை நீட்டுகிறாள்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு
வென்டெல் கேட்கிறான்:
"செர்ரி பை இருக்கா?"

"எண்பத்தா..." என்றவள்
பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.
முதலில் சிரித்தது அவன்தான்.
"கதவைச் சாத்து, முட்டை ஆறுது"
என்று உள்ளிருந்து ஒரு குரல்.