முப்பது நாள் கெடு

ஜெலுத்தோங்கில், டயர்க் கடைக்கு மேல்மாடியில்
ரத்தம் கழுவும் நிலையம்.
ஏழாம் நாற்காலியில் அம்மா.
காலடியில் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு நான்.
கைப்பேசியில் வாகனமோட்டிப் பாடம்.

இயந்திரம் நான்கு மணி நேரத்திலிருந்து
கீழே எண்ணும்.
என் திரையும் எண்ணும்:
பக்கத்துக்கு இருபது நிமிடம்.
மூன்றே நிமிடத்தில் படித்துவிட்டாலும் விடாது.
'அடுத்து' என்ற பொத்தான்
சாம்பல் பூசிக் கிடக்கும்.
ஒரு நாளைக்கு மூன்று பக்கம்தான் திறக்கும்.

பறக்கவும் கூடாது, பின்தங்கவும் கூடாது.
முப்பதாம் நாள் நள்ளிரவு தாண்டினால்
முப்பத்தாறு பக்கமும் அழிந்து
மீண்டும் முதல் பக்கம்,
மீண்டும் எழுபது வெள்ளி.

எழுபது வெள்ளி என்பது
ஆயர் ஈத்தாமிலிருந்து இங்கே வர நான்கு கிராப்.
அந்த கிராப் காசை மிச்சம் பிடிக்கத்தானே
இந்த லைசென்ஸே.

வீட்டில் வைஃபை இல்லை.
ஆகவே செவ்வாய், வியாழன், சனி.
அம்மாவின் ரத்தம் வெளியே போய்த் திரும்பும் நேரமே
என் பள்ளிக்கூடம்.

எட்டாம் நாற்காலி இயோ அங்கிள்
முப்பத்து மூன்று வருஷம் லாரி ஓட்டியவர்.
சர்க்கரை ஒரு கண்ணை வாங்கிக்கொண்டது,
அரசாங்கம் லைசென்ஸை.
பாடக் குரல் மலாயில் கேள்வி கேட்டால்
கண்மூடியபடியே பதில் வரும்:
"டுவா சாட்." இரண்டு வினாடி.
முன் வண்டிக்கும் நமக்கும் இடையே.
அம்மா திருத்துவாள்,
"மழையிலே நாலு, அங்கிள்."

பத்தொன்பதாம் நாள், பிரேக் தூரம்.
அம்மாவின் உதடு வெளுத்தது.
பிரஷர் எண்பது. மிஸ்ஸி நூருல் ஓடி வந்து
கால்களை உயர்த்தினாள்,
நான் பெயர் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டேன்,
வாழ்நாளில் முதல்முறையாக: "மல்லிகேஸ்வரி!"
ஸ்டூலில் கிடந்த திரை கேட்டிருக்கிறது:
இன்னும் இருக்கிறீர்களா?
அறுபது வினாடி பொறுத்திருக்கிறது.
திரும்பி வந்து பார்த்தால்
'நீங்கள் செயலற்று இருந்தீர்கள்.'
பக்கம் பூஜ்ஜியத்தில்.

இன்று முப்பது.
மூன்று பக்கம் பாக்கி.
மாலையில் கொட்டிய மழையில்
வைஃபை செத்துக் கிடந்தது.
உயிர் வந்தபோது
அம்மாவுக்கு நாற்பது நிமிடம், எனக்கு அறுபது.

சிறு வயதில் கணக்கில் நான் சுமார்தான்.
இந்தக் கழித்தல் மட்டும் உடனே வந்தது.

இயந்திரம் முதலில் மணியடித்தது.
ஊசி உருவி, பஞ்சு அழுத்தி, கட்டுப் போட்டு,
எடை பார்த்து, செருப்பு மாட்டி
அம்மா என் முன்னால் நிற்கிறாள்.
கீழே கிராப் வந்துவிட்டது.
அவனுக்கும் ஒரு கெடு: ஐந்து நிமிடம்.

திரையில் பொம்மைக் கார் ஒன்று
மஞ்சள் விளக்கில் நிற்கிறது.
பின்னால் யாருமில்லை, ஆனாலும் நிற்கிறது.
இன்னும் ஆறு நிமிடம்.

ஒரு நிமிடத்துக்காக யாரிடம் கெஞ்சுவது,
காரிடமா, பாடத்திடமா?

கட்டுப் போட்ட கையைத்
தாங்கிப் பிடித்தபடி
அம்மா ஏழாம் நாற்காலியிலேயே
மறுபடி உட்கார்ந்தாள்.

"அவனைப் போகச் சொல்லு.
அடுத்ததைப் பிடிச்சுக்கலாம்."

வண்டியை ரத்து செய்தேன்.
அபராதம் மூன்று வெள்ளி.
பொத்தான் இன்னும்
சாம்பல்தான்.