சி படிவம்

காந்தி ரோட்டிலிருந்து மூன்றாவது சந்து.
வாசலில் நான்கு மொழியில் 'அறை உண்டு';
தமிழ் கடைசியில், போர்டில் இடம் போதாமல்
கொஞ்சம் சாய்ந்து.

இரவு பதினொன்றரைக்கு மேல்
காட்பாடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்குவார்கள்.
ஹவுரா வண்டியின் இரண்டு பகல் புழுக்கம் சட்டையில்,
எக்ஸ்ரே உறை மட்டும் கசங்காமல்.
அறை முந்நூற்றைம்பது. அடுப்பு நாற்பது.
குக்கருக்குப் பதினைந்து.
மீன் பொரித்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.
இவ்வளவும் வங்காளத்தில் சொல்வேன்.
வலி எங்கே என்று கேட்கவும் தெரியும்.

மால்டாக்காரரும் ராஜ்ஷாஹிக்காரரும்
வலிக்கு ஒரே சொல்தான் வைத்திருக்கிறார்கள்.
முன்னவருக்கு ஆதார் நகல் ஒன்று போதும்.
பின்னவருக்கு பாஸ்போர்ட், விசா,
முத்திரை விழுந்த பக்கம்,
இருபத்துநாலு மணி நேரத்துக்குள் சி படிவம்.

ஷெஃபாலி ரயிலில் வரவில்லை.
மெயின் ரோட்டு லாட்ஜில் பதினேழு நாள் இருந்து
காசு கரைந்து
தம்பி மொஃபஸலின் தோளைப் பிடித்தபடி
எங்கள் சந்துக்குள் இறங்கி வந்தாள்.
விசா வியாழன் வரை.
சதைப் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை.
நான் காலண்டரைப் பார்த்தேன்.
அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

டிவியில் அப்போது புது மசோதா.
எல்லையில் இன்னும் வேலி, இன்னும் விளக்கு,
தங்க இடம் தருபவருக்கும் தண்டனை என்று
ஒருவர் மேஜையைத் தட்டினார்.
ஊடுருவல், ஊடுருவல் என்று
கீழே சிவப்பில் ஓடிக்கொண்டிருந்தது.
மொஃபஸல் நீட்டிய ஸ்கேன் அறிக்கையிலும்
அதே சொல்தான், ஆங்கிலத்தில்.
பக்கத்துத் திசு வரைக்கும்.

முதலாளி போனில் கத்தினார்:
"இன்னாபா, ஒண்ணு வுடாம ஏத்திடு.
சட்டம் வந்துச்சின்னா
ஃபைன் கட்றது நானு, நீயில்ல."
சரிங்கண்ணா என்றேன்.

பெயர், தந்தை பெயர், பிறந்த ஊர்,
நாட்டினம்.
இந்தக் கட்டத்தில் என் விரல் எப்போதும்
ஒரு நொடி நிற்கும்.

நான் பிறந்தது அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரியில்.
பள்ளிக்கூடம், முதல் சைக்கிள்,
மொட்டை வெயிலில் கோட்டை மைதானத்தில் உடைந்த முன்பல்,
எல்லாம் இந்த மாவட்டத்துக்குள்தான்.
ஆனாலும் மாதம் ஒரு சனிக்கிழமை
மேல்மொணவூர் முகாமில் வரிசையில் நின்று
'நிரோஜன்' என்று கூப்பிட்டதும் கையெழுத்துப் போடுவேன்.
இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கு
அது சாட்சி.
அம்மா போனில் "சாப்பிட்டனியோ" என்பாள்.
"சாப்ட்டேன்மா" என்பேன்.
அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவே இருக்கும் கடலை
நான் பார்த்ததில்லை.

வேலைக்குச் சேர்ந்த அன்று
முதலாளி என் முகாம் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"கையெழுத்து நல்லாருக்குதா?" என்று மட்டும் கேட்டார்.
நன்றாகத்தான் இருக்கும்.
அவ்வளவு போட்டிருக்கிறேன்.

அடுத்த கட்டம்: இங்கிருந்து எங்கே செல்கிறார்.
ஷெஃபாலி சொன்னாள், வீட்டுக்கு.
பிறகு, கேட்க வேண்டுமே என்பதுபோல்,
"உங்கள் வீடு எங்கே?"
"டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம்" என்றேன்.
பொய்யில்லை.

காலை எட்டரைக்கு டாக்டரிடம் கடிதம் வாங்கி
விசா நீட்டிப்புக்கு மனுப் போடச் சொன்னேன்,
எந்தக் கவுன்ட்டர் என்று சீட்டில் எழுதித் தந்தேன்.
தேதியை மாற்றவில்லை. எதையும் மறைக்கவில்லை.
சரியாக நிரப்பிய படிவத்தை அனுப்பாமல்
திரையிலேயே திறந்து வைத்தேன்.
இருபத்துநாலு மணி நேரம் என்றுதானே போட்டிருக்கிறது;
இருபத்துமூன்றை அவளிடம் விட்டேன்.
என்னிடம் கொடுப்பதற்கு அதுதான் இருந்தது.

டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.
மேஜையைத் தட்டியவர் வாயை மட்டும் அசைத்தார்.

மூன்று மணிக்கு மாடியிலிருந்து மொஃபஸல்
செருப்பில்லாமல் இறங்கி வந்தான்.
வெந்நீர் வேண்டுமாம்.
குக்கரில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.
வாடகை எழுதவில்லை.