சம்மாட்டியாருக்கு, ரோச் விசயமாய்

ஒரு மாதம் வைச்சுப் பார்த்துச் சொல்லெண்டு தந்தனீங்கள்.
பத்தொன்பது இரவு பார்த்தது காணும்.
எழுத்து வடிவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கோ.
பரணிலை மேசை இல்லை, முழங்கால்தான்.

பெட்டியிலை இருபதாயிரம் லூமன் எண்டு கிடக்கு.
லூமனை அளக்க என்னட்டை ஒண்டும் இல்லை.
அளந்தது இப்பிடி:
முதலாம் வலைக்கம்பு, ஏழாவது, பதினாலாவது,
கடைசிக் கம்பிலை நித்திரைகொண்ட நீர்க்காகம்
ஒரு கண்ணைத் திறந்து மூடினது வரைக்கும் தெரிஞ்சுது.
அதுக்கும் அங்காலை அல்லைப்பிட்டிக் கரைத் தாழை,
தாழைக்குக் கீழை ஆரோ அவிழ்க்க மறந்த கறுத்த ஆடு,
ஆடு தெரியேல்லை, ரெண்டு பச்சைக் கண் தெரிஞ்சுது.
இருநூறு பாகம் வரும்.
ரெண்டு கிலோமீற்றர் எண்டது பொய்.
பெட்டிகள் அப்பிடித்தான்.

தண்ணி தாங்குமோ எண்டு கேட்டனீங்கள்.
டெல்சன் கைதவறி விட்டவன், நான் இல்லை.
இடுப்பளவு தண்ணிக்குள்ளை கிடந்து எரிஞ்சுது.
அடிச்சேறு, சாதாளை, ஒரு பழைய செருப்பு,
எல்லாம் கலியாணவீடு மாதிரி.
ரெண்டுபேரும் கனநேரம் எடுக்காமல் பார்த்துக்கொண்டு நிண்டம்.

பனிப்புகாருக்கு உதவாது.
பிடிச்சால் மூக்குக்கு முன்னாலை வெள்ளைச் சுவர்.

சின்ன வெளிச்சம் நல்லது.
அட்டை இரவிலைதான் மண்ணை விட்டு வெளிக்கிடும்.
பெரிசைப் பிடிச்சால் கலங்கல் தண்ணியிலை பட்டு
என்ரை முகத்துக்கே திரும்பி வரும்.
சின்னனிலை, மண் தின்னுற வாய் தெரியும்,
அந்த வாய்க்கு ஒரு அவசரமும் இல்லை எண்டதும் தெரியும்.

முரல் பாயும். வெளிச்சத்தைக் குத்தத்தான் வாறது.
பன்னிரண்டாம் இரவு ஒண்டு என்ரை காதைத் தடவிக்கொண்டு போய்
கிடுகிலை ஏறி நிண்டு நடுங்கிச்சுது.
விடியக் காலமை டெல்சன் அதைச் சுட்டுத் திண்டவன்.
இது குறையோ, நிறையோ, நீங்களே போடுங்கோ.

உண்மையான குறை இது:
மூண்டு நிமிசத்திலை சூடேறும்,
பிறகு தானாய்க் காவாசிக்கு இறங்கும்.
ஆரும் அமத்தத் தேவையில்லை.
நாலுதரம் மணிக்கூடு பிடிச்சுப் பார்த்தன்.
மூண்டு நிமிசம் பத்துச் செக்கன். ஒருக்காவும் பிசகேல்லை.

ஐஞ்சாம்தரம் மணிக்கூடு பார்க்கேல்லை.

அது பதினாறாம் இரவு, கிழக்கு மூலை.
தண்ணி தட்டுற சத்தம் மீனின்ரை இல்லை.
பிடிச்சன்.
இடுப்புத் தண்ணிக்குள்ளை ஒருத்தன், தோளிலை உரப்பை,
ஒரு கையாலை முகத்தைப் பொத்தினபடி.
இந்த ரோச் எவ்வளவு திறம் எண்டால்
நாப்பது பாகத்துக்கு அங்காலை, பொத்தின கையிலை,
சுண்டுவிரல் பாதி இல்லாதது தெரிஞ்சுது.
அவன் ஓடேல்லை.
"ஆரது?" எண்டு கேட்டான்.
களவுக்கு வந்தவன், காவல்காரனை.

ரோச்சுக்குப் பின்னாலை நிக்கிறவன் வெறும் இருட்டு.
இதைப் பெட்டியிலை போடேல்லை.
நான் வாய் திறந்தால் என்ரை குரல் அவனுக்குப் பிடிபடும்,
அவன்ரை எனக்குப் பிடிபட்ட மாதிரி.
அவனும் நிண்டான். நானும் நிண்டன்.
பிடியிலை சூடு ஏறிச்சுது, மாத்தப் பார்த்தன்,
மாத்தாமல் விட்டன்.
பிறகு வெளிச்சம் தானாய் இறங்கிச்சுது.
தண்ணிச் சத்தம் கரைப்பக்கமாய், மெல்ல,
கனநேரம்.

எண்ணிக்கையிலை ஒன்பது அட்டை குறையும்.
என்ரை சம்பளத்திலை பிடியுங்கோ.
ஆரெண்டு கேளாதையுங்கோ.
ரோச்சைப் பற்றித்தான் கேட்டனீங்கள்.

மற்றது,
கையிலை கொழுவுற கயிறு ரெண்டாம் நாளே அறுந்தது,
நைலோன் போட்டிருக்கிறன்.
மினுங்கல் ஒண்டு இருக்கு, டெல்சனுக்குப் பிடிக்கும்,
எனக்கு வயித்தைப் பிரட்டும்.
சூரியத் தட்டிலை சார்ஜ் ஏற ஆறு மணித்தியாலம்,
மப்பெண்டால் ஒரு பகல் காணாது.

இன்னும் மூண்டு வாங்கலாம்.
கஸ்தூரியார் வீதிக் கடைக்காரன் அடுத்த மொடலைக் காட்டுவான்,
சூடேறாதாம், இறங்காதாம்,
விடியும்வரைக்கும் பிடிச்சது பிடிச்சபடி நிக்குமாம்.
அது வேண்டாம்.
பாரம் கூட.