அரைப்புள்ளி

இடது கை மெஷினுக்கு.
வலது கை கிரேக்கத்துக்கு.
திங்கள், புதன், வெள்ளி
காலை ஆறு மணி ஷிஃப்ட், நாலு மணி நேரம்.
கட்டைவிரல் பட்டால் பக்கம் திரும்பும் இந்தக் கருவி
ஒற்றைக் கைக்காரனுக்கென்றே செய்தது போல.

காட்பாடியில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.
முதலில் அழுத்தம் விழுந்த எழுத்தெல்லாம்
கட்டம் கட்டமாக வந்தன,
ஜன்னல் சாத்திய ரயில் மாதிரி.
மருமகன் ஏதோ ஃபான்ட் ஏற்றிக் கொடுத்தான்.
ஒவ்வொரு கட்டத்திலிருந்தும்
தலையில் குச்சி செருகிய உயிரெழுத்து எட்டிப் பார்த்தது.

"இன்னா பாஷ அது?"
பக்கத்துப் படுக்கை, பேரணாம்பட்டு கஃபூர் பாய்.
கிரேக்கம்.
"அங்க யாரு கீறாங்க உனுக்கு?"
யாருமில்லை.
கொஞ்ச நேரம் ஏசியைப் பார்த்தார்.
"அப்ப சரி" என்றார்.

யாருமில்லை என்பது முழு உண்மையில்லை.
பதினோரு மாதம் கிரேக்கக் கப்பலொன்றில் நான் ஃபிட்டர்.
இரண்டாம் எஞ்சினியர் லெஃப்தேரிஸ்
ஸ்பேனர் கேட்பதும் திட்டுவதும் ஒரே மூச்சில்.
என் கையிருப்பு அவ்வளவுதான்,
முப்பது உதிரிபாகம், நாற்பது வசவு.
எழுத்தை இந்தப் படுக்கைக்கு வந்துதான் பழகினேன்.
நாவலில் எப்போதாவது ஒரு வசவு வரும்.
வெளியூர் பஸ் ஸ்டாண்டில்
ஊர்க்காரனைப் பார்த்தது போலிருக்கும்.

கதையில் ஒரு தீவு,
கசாப்புக்கடைக்காரன் மனைவி ஒருத்தி.
சொல்லைத் தொட்டால் அகராதி திறக்கும்.
வேராக நின்றால் அதற்குத் தெரியும்,
வால் முளைத்துவிட்டால்
ரேஷன் கடைக்காரன் போலக் கையை விரிக்கும்.

ஒரே ஒரு சொல்லுக்கு நான் அகராதியைத் தொடவில்லை.
நெரோ.
தண்ணீர்.
நாளைக்கு அரை லிட்டர் எனக்கு அனுமதி,
மாத்திரை விழுங்குவதும் அதில்தான்.
வெளியே மே மாதம், நூற்றெட்டு டிகிரி,
பாலாற்றில் மணல்கூட இல்லை.
அவளோ பக்கத்துக்குப் பக்கம்
குடம் நிறைக்கிறாள், கடை கழுவுகிறாள், சிந்துகிறாள்,
சிந்தியதைத் துடைக்காமல் போகிறாள்.

ஐந்தாம் அத்தியாயத்தில்
கடைக் கொக்கியில் ஒரு தண்ணீர் தொங்கியது.

திரும்பப் படித்தேன்.
நடுவில் ஓர் எழுத்தை விட்டிருக்கிறேன்,
வட்டத்துக்குள் ஊசி இறங்கிய எழுத்து.
நெஃப்ரோ.
சிறுநீரகம்.
இந்த வார்டு வாசலின் பெயர்ப்பலகையில்
ஒன்பது வருடமாக நான் குனியாமல் கடந்து வரும் முதல் பாதி.
அந்த ஓர் எழுத்தை எடுத்துவிட்டால் தண்ணீர்.

கஃபூர் பாயிடம் சொல்லத் திரும்பினேன்.
தூங்கிக்கொண்டிருந்தார்
உதடு காய்ந்து.

பிரஷர் பார்க்க ஐரின் சிஸ்டர் வந்தாள்.
அவர்கள் பாஷையில் உங்க பேருக்கு அமைதின்னு அர்த்தம், என்றேன்.
மூன்றாம் நம்பர் மெஷின் கத்தத் தொடங்கியது.
"எங்க வீட்ல வந்து சொல்லுங்க சார்"
என்றபடி ஓடினாள்.

இருநூறு பக்கம் தாண்டித்தான் தெரிந்தது,
அவர்களுடைய கேள்விக்குறி
நம்முடைய அரைப்புள்ளி.
அதுவரை அந்தப் பெண்
சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.
நீ வருவாய்;
மழை பெய்யும்;
என்னை உனக்குத் தெரியும்;
நிதானமானவள், எதிலும் சந்தேகமில்லாதவள் என்று
ஓர் ஆளையே கட்டி எழுப்பி
அவளோடு ஆறு மாதம் இருந்துவிட்டேன்.
எல்லாம் கேள்வி.
கத்தியைத் தீட்டியபடி
அவன் பதில் சொல்லாத கேள்வி.

முதல் பக்கத்துக்குப் போனேன்.
கீழே அறுபத்திரண்டு சதவீதம்
சுழியத்தில் விழுந்தது.

ஊசிகளை எடுத்தாயிற்று.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எடைக்கருவியில் ஏறினேன்.
இரண்டு கிலோ நானூறு கிராம் நெரோ
என்னை விட்டுப் போயிருந்தது.
ஐரின் சார்ட்டில் எழுதினாள்,
முகம் பார்க்காமல்,
குரல் ஏறாமல், இறங்காமல்:
"புதன்கிழமை வருவீங்க;"

நே, என்றேன்.
"இன்னா சார்?"
அங்கே அதற்கு
ஆமாம் என்று பொருள்.