பதினைந்து நொடி

கிரிம்ஸ்பியில் எதைத் திட்டினாலும்
முன்னால் ரத்தத்தைச் சேர்த்துத்தான் திட்டுவோம்.
ரத்த மழை. ரத்த பஸ். ரத்தத் திங்கட்கிழமை.
யாருக்கும் காயமில்லை.
சொல்லிச் சொல்லிச் சாயம்போன சொல்.

நான் மட்டும்
வியாழன்தோறும் மெதடிஸ்ட் சபை மண்டபத்தில்
நிஜமானதோடு வேலை செய்கிறேன்.
மடக்குக் கட்டில் ஆறு, பிஸ்கட் தட்டு ஒன்று,
பையைத் தாலாட்டிக்கொண்டே எடை பார்க்கும் எந்திரம்.

மேட்டுக்குடிக்கு நீல ரத்தம் என்பார்கள்.
ஆனரபிள் பெட்ரோனெல்லா வந்தார், முத்துமாலையைக் கழற்றாமல்.
தோலுக்கு அடியில் நீலம்தான்.
குழாயில் வந்தது
மீன்சந்தை சுமைகாரனுடையது போலவே,
கொஞ்சம் மெதுவாக.
கல்லைப் பிழிந்தால் ரத்தம் வருமா என்று
வரி வசூலிக்கும் ஹோரஸ் கிரிப்ஸ் அலுத்துக்கொள்வார்;
அவர் கையில்தான் நான்கு தரம் நரம்பு தேடினேன்.
நெஞ்சு பதறாமல் கொன்றவனை
குளிர்ந்த ரத்தத்தில் செய்தான் என்று பேப்பரில் போடுகிறார்கள்.
நிரம்பிய பையைக் கையில் வாங்கிப் பாருங்கள்:
இப்போதுதான் யாரோ எழுந்துபோன நாற்காலியின்
வெதுவெதுப்பு.
குளிர்வது பிறகு, வேனில், நான்கு டிகிரியில்.
அதுவும் யாரையோ பிழைக்க வைக்க.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால்,
மம்பி சகோதரர்கள்.

லெஸ்லி, நெவில். இருவருக்கும் நடுவில்
கெட்ட ரத்தம். பகைக்கு எங்கள் பேச்சில் அதுதான் பெயர்.
கிளீதோர்ப்ஸில் அம்மாவின் வீடு விற்ற காசு,
ஒரு சுவர்க்கடிகாரம்,
சவ அடக்கத்தன்று வாய்தவறிய ஒரு வார்த்தை.
பதினொரு வருஷம்.
ஆய்வுக்கூடமோ இருவருடையதையும்
நல்லது, நல்லது என்றே எழுதிக்கொண்டிருந்தது.

நவம்பரில் யாரோ பட்டியலைக் குழப்பி
இருவரையும் ஒரே காலையில் வரச்சொல்லிவிட்டார்கள்.
நெவில் கட்டிலில், பை பாதி நிறைந்து.
திரைக்கு இந்தப் பக்கம்
லெஸ்லி என் மேஜையில் விரலை நீட்டினார்.

சோதனை எளிது.
குப்பியில் மயில்துத்தக் கரைசல்.
விரல்நுனியிலிருந்து ஒரு துளி.
பதினைந்து நொடிக்குள் மூழ்கினால்
இரும்புச் சத்து போதும்.
தண்ணீரைவிட ரத்தம் கெட்டி என்று
ஒவ்வொரு கல்யாண விருந்திலும்
யாராவது கிளாஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து சொல்வாரே,
அதை நான் ஒரு நாளைக்கு முப்பது முறை கண்ணால் பார்க்கிறேன்.

லெஸ்லியின் துளி
இறங்கியது.
தயங்கியது.
மேலே வந்து
சட்டைப் பொத்தான்போல மிதந்தது.

"இன்னொரு தரம் பார்."
மறு கையில் பார்த்தேன்.
"டாக்டரிடம் போங்கள். இந்த வாரமே," என்றேன்.
"ரத்த டாக்டர்," என்று முனகினார்.
உதடு காகிதம் போல இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கம் எந்திரம் கூவியது:
ஓட்டம் நின்றுவிட்டது.
ஓடினேன். நெவில் கூரையைப் பார்த்தபடி கிடந்தார்,
முஷ்டி இறுகியிருந்தது.
ஆள் ஆடவில்லை. தசைதான்.
"கையைத் திறங்கள், மிஸ்டர் மம்பி."
திறக்க நேரம் பிடித்தது.

லெஸ்லி பிஸ்கட் எடுக்காமல் போய்விட்டார்.

பிப்ரவரியில் நெவில் வந்தார். மே மாதம். ஆகஸ்ட்.
பன்னிரண்டு வாரம் முடிந்தால்
பதின்மூன்றாவது தொடங்க விடமாட்டார்.
லெஸ்லியின் பெயர் பட்டியலில் இல்லை.
ஆஸ்பத்திரியில் பை பையாக ஏற்றுகிறார்களாம்,
பேக்கரி வரிசையில் காதில் விழுந்தது.

ஆகஸ்டில், ஊசி இறங்கும்போது, கேட்டார்:
"இது யாருக்குப் போகும்?"
எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். பைக்கு எண் மட்டும்தான்.
"வாங்குகிறவனுக்கும் தெரியாதா?"
தெரியாது.
"அப்போ சரி."

முஷ்டியை மூடித் திறந்தார், மூடித் திறந்தார்.
ஆறே நிமிஷத்தில் நிறைந்தது.

அன்றைக்கு இரண்டு பிஸ்கட் எடுத்தார்.
ஒன்றை டீயில் நனைத்துத் தின்றார்.
மற்றதைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்,
உடைந்துவிடாமல்,
மேலே கையை வைத்தபடியே
கதவுவரை போனார்.