பத்தொன்பது

மல்லாவிச் சந்தியில், கராச்சுக்குப் பின்னால்
ரயர் அடுக்கிய அறையில் எங்கள் ஆட்டம்.
கிறீஸ் கையைச் சவர்க்காரத் தூளில் தேய்த்துத் தேய்த்து,
நகக்கண் வெளுத்த பிறகுதான்
கட்டைத் தொடுவேன். அறுபது மட்டை.

ஐம்பத்தொன்பதும் ஒன்றுக்காக.

அந்த மந்திரத்தின் பெயர் இங்கிலீசில் நீளம்.
நானும் சுகிர்தாவும் வான்கதவு என்கிறோம்.
இந்த முறை நீ எத்தனை மட்டை போட்டாயோ
அத்தனை உயிர் எதிராளிக்குப் போகும்.
வான்கதவையும் கணக்கில் சேர்க்கலாம்.
உயிர் இருபது.
ஆகவே முன்னால் பத்தொன்பது வேண்டும்,
ஒரே மூச்சில்.

பத்தொன்பதும் சில்லறை.
ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குவது,
போட்டதைக் கைக்கே திருப்பி எடுப்பது,
கட்டின் மேலே மூன்றைப் பார்த்துவிட்டு
பேசாமல் மூடிவைப்பது.
ஸ்காபரோவில் மச்சாளின் மகன்
வளர்ந்துவிட்டானாம்; அனுப்பிய சப்பாத்துப் பெட்டியில்
மேலே டிராகன்கள், அடியில் இந்தக் குப்பை.
டிராகன்களைச் சந்திப் பெடியளுக்குக் கொடுத்தேன்.
குப்பையை வைத்துக்கொண்டேன்.

எனக்குப் பழகிய வேலை அது.
தடைக்காலத்தில், பத்து வயதில்,
சித்தப்பாவின் எம்.டி. நைன்ரி மண்ணெண்ணெயில் ஓடியது.
சும்மா ஓடாது.
ஊசிக் குழாயால் நாலு துளி பெற்றோல்
காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து,
அது இருமி, சூடேறி, ஒரு சீருக்கு வரும்வரை
காதைக் கொடுத்து நின்று
சட்டென்று மற்றக் குழாய்க்கு மாற்றவேண்டும்.
நாலு துளி.
ஐந்தாவது நாளைக்கு.

சுகிர்தா எதிர்ப்பக்கப் பாமசியில் வேலை.
நாள் முழுக்கத் தட்டில் குளிசை கொட்டி
கத்தி நுனியால் ஐந்தைந்தாய்த் தள்ளுகிறவள்.
அவளுடைய கட்டில் பன்றிகள்தான்.
இரண்டாம் முறையே வேலி பிய்த்துக்கொண்டு வரும்.
நான் என் சில்லறையைக் கூட்டிக்கொண்டிருக்கையில்
"அண்ணை, பொங்கலுக்கு முன்னம் முடியுமோ?" என்பாள்.
முடியாது. முப்பத்தொரு ஆட்டம் தோற்றேன்.

முப்பத்திரண்டாவதில் வந்தது.
கையில் வான்கதவு, எனக்கு உயிர் இரண்டு,
அவளுக்கு ஒரு கீறலும் இல்லை.
போட்டேன், எடுத்தேன், திருப்பினேன், போட்டேன்.
மட்டைகள் கைக்கும் மேசைக்கும் ஓடித்திரிந்தன;
மேசையைப் பார்த்துக் கணக்குச் சொல்லமுடியாது,
வாய்க்குள் எண்ணவேண்டும். பதினைந்து. பதினாறு.

"அண்ணை, பஞ்சர்!"

துணுக்காயிலிருந்து உருட்டிக்கொண்டு வந்திருக்கிறான்,
பின்னால் அரிசி மூட்டை, அதன்மேல் பிள்ளை.
எப்படி நாளைக்கு வா என்பது?
கழற்றி, தண்ணீரில் அமுக்கி,
குமிழி வந்த இடத்தை விரலால் பொத்தி,
ஒட்டிக் காற்றடித்து அனுப்பினேன்.

திரும்பி வந்தபோது
அவள் கைகளை மடியில் வைத்திருந்தாள்.
ஒரு மட்டையும் அசையவில்லை.
என் கணக்குத்தான் எங்கோ விழுந்துவிட்டது.

"பதினேழோ?" என்றேன்.

ரயர்களைப் பார்த்தாள்.
"பதினெட்டு."

கையில் இருந்தது ஒரு சில்லறையும் கதவும்.
பதினேழென்றால் பன்றிகள் நாளைக்கும் மேயும்.
பதினெட்டு என்றாள்.
சில்லறையைப் போட்டேன்.
கதவைத் திறந்தேன்.

இருபதும் போனது.
அவள் பன்றிகளை ஒன்றாய்த் தட்டி அடுக்கி
ரப்பர் போட்டாள். "சரியான வெள்ளம்" என்றாள்.
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனாள்.

அந்த இரவு தனியே இருந்து
முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன்.
பதினேழு.
தேத்தண்ணி குடித்துவிட்டு மறுபடி. பதினேழு.
மூன்றாம் தரம் நுளம்பு கடித்தது, விட்டுவிட்டேன்.

காலையில் தும்மலென்று பாமசிக்குப் போய்
பத்துப் பிரிட்டன் கேட்டேன்.
கொட்டினாள். ஐந்து. ஐந்து.
என்னைப் பார்க்காமலே உறையை மடித்தாள்.

பஸ் ஸ்ராண்ட் நிழலில் நின்று
உள்ளங்கையில் கொட்டி எண்ணினேன்.
பத்து.
இன்னொரு தரம்,
ஒவ்வொன்றாய்.
பத்துத்தான்.